பக்கீரின் யூரியா மூடை

1

இந்தக் கதை ஒரு பற்றீரியாவால் வந்தது. நெல்லிலைக்குள் புகுந்ததும், பயிரின் காவலை எழுப்புகிற ஓமோன் சுரப்பை அது அடக்கிவிடுமாம். பிறகு இலை நுனியிலிருந்து மஞ்சளாகிக் காயும். இதை ஒரு கட்டுரையில் வாசித்ததும் யுத்தகாலத்து மூதூரை எழுதக் கை துறுதுறுத்தது. பற்றீரியாவை ஆமியாக்கி… (வெட்டினேன்.) ஆயுத இயக்கமாக்கி… (அதையும் வெட்டினேன். பற்றீரியா பற்றீரியாவாகவே இருக்கட்டும்.)

2

2007, தை மாதம். விவசாயப் போதனாசிரியை நஜ்முன் நிஸா பக்கீரின் வயலில் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"நானா, இது பசளைக் குறைவில்ல, கிருமி. பயிர்ட ஓமோன அமத்தி வெச்சிருக்கு. யூரியா போட்டா இன்னும் பரவும்."

"போடாம ஏலாது மிஸ்."

யூரியாவில் குண்டு செய்யலாம் என்பதால் இராணுவ முகாமில் அனுமதி எடுக்க வேண்டும். ஏழு நாளைக்குள் வயலில் போட்டு முடித்து, வெறும் பையைக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். நாலு நாள் வரிசையில் நின்று எடுத்த மூடை. தவணை நாளையோடு முடிகிறது.*

"போட்டா பயிர் போகும். வீட்ல வெச்சிருந்தா என்னையே கொண்டு போவானுகள். நீங்களே சொல்லுங்க."

* ஆற்றில் கொட்டலாமே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் எழுதினேன். வயலோரத்துக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் பார்த்துக்கொண்டே இருந்தான்.

3

முதல் பிரதியில் ஆலோசனை சொல்லிவிட்டு அவளைத் தன் வேலைக் கந்தோருக்குத் திருப்பி அனுப்பினேன். போகவில்லை. இரண்டாவதில் அவளுக்குக் காய்ச்சல் வரவைத்து… வேண்டாம், அது கோழைத்தனம். என்னுடைய கோழைத்தனம்.

அவள் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தாள். யூரியா போட வேண்டாமென்று சொன்னது தான்தான் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள். பெயர், பதவி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.

"வயல்த் தண்ணிய வடிய விடுங்க, பாதியாவது மிஞ்சும். மூடையச் சைக்கிள்ல கட்டுங்க. திருப்பிக் குடுப்பம், நானும் வாறன்."

"உங்களையும் சேத்துப் புடிச்சி வெப்பானுகள் மிஸ்."

"தெரிஞ்சுகொண்டே பிழையானதப் போட விட்டா, எனக்கு என்னத்துக்கு இந்த உத்தியோகம்?"

4

முகாம் வாசலில் வரிசை. நிறைந்த மூடையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். சிப்பாய் மூடையைத் தட்டிப் பார்த்தான், தாளை வாங்கினான், அவளை நிமிர்ந்து பார்த்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்குமேல் எழுத மாட்டேன். அவன் தலையசைப்பதையோ உள்ளே கூட்டிப்போவதையோ நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளை மட்டும் வரிசையிலிருந்து விலக்கப் பார்க்காதீர்கள். நான் இரண்டு தரம் முயன்றேன், அவள் அசையவில்லை.