நாலாவது பாட்டில்

ஒன்றரை வயது வாலு, சோறு வேண்டாம் என்று போராட்டத்தில் இறங்கியிருந்தான். மசித்த உருளைக்கிழங்கைக் கண்டாலே உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொள்வான். போதாக்குறைக்கு மலச்சிக்கல் வேறு. முக்கி முக்கி அவன் முகம் சிவப்பதைப் பார்த்தால் பெற்ற வயிறு எரியாதா?

"எந்நேரமும் பால் குடிச்சா பசி எப்படிம்மா வரும்? பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் டம்ளர்ல கொஞ்சம் பால் போதும்" என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆயிற்று. பாட்டில் அன்றே குப்பைக்குப் போனது. அப்படியும் பயல் வாயைத் திறக்கவில்லை. தான் வேலைக்குப் போவதால்தான் பிள்ளை இப்படி ஆகிறான் என்று அவன் அம்மா மருகினாள்.

"இன்னைக்கும் சாப்பிடலைன்னா வேலையை விட்டுடறேன்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். உயிரான வேலை. ஓசியில் வருகிறவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் கண்ணில், அந்த நேரம் பார்த்து, வாலுவின் தாடையில் வழிந்திருந்த பால் பட்டது. அட, இன்னும் ஈரம்கூடக் காயவில்லை!

அவள் கூடத்தின் நடுவில் போய் நின்று, பேருந்தில் பார்ப்பதைப் போல ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடிகாரம் பழுது பார்க்கும் கணவன் திடீரென்று கண்ணை மூடிக் குறட்டை விட்டான். நாத்தனார் கைப்பேசியைக் காதில் வைத்து, "ஹலோ, கேக்கலை" என்றாள். மாமனார் சட்டைப் பையைத் துழாவினார். சரிதான், மூன்று பேரும் ஓசிப் பயணிகள்!

"எடுங்க!"

கருவிப் பெட்டியிலிருந்து ஒன்று, கைப்பையிலிருந்து ஒன்று, மாமனாரின் தலையணை உறைக்குள்ளிருந்து ஒன்று. ஆளுக்கொரு புது பாட்டில்.

"புள்ள அழுதாம்மா... நீங்கள்லாம் கல்நெஞ்சா இருக்கீங்களேன்னு நான்தான்..." என்று இழுத்தார் மாமனார்.

"அதையேதான் நானும் நினைச்சேன்" என்றான் கணவன்.

"வெட்கமா இல்ல உங்களுக்கெல்லாம்?" என்று அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருக்கையில், வாலு தத்தக்கா பித்தக்கா என்று நடந்துபோய் அவளுடைய டியூட்டிப் பையில் கையை விட்டான். பழகிய கை. நேராக அடியில் போய் நாலாவது பாட்டிலை உருவிக்கொண்டு வந்தது.

"அண்ணி!" என்றாள் நாத்தனார்.

அவள் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

நாலும் குப்பைக்குப் போயின. பயல் வீட்டையே அதிரவைத்தான்; யாரும் அசையவில்லை. கடைசியில் பசி தாங்காமல் அவள் தட்டிலிருந்த உருளைக்கிழங்கைப் பிடுங்கி வாயில் அடைத்துக்கொண்டான். பிறகு இன்னொன்று. அவள் தட்டையே அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப, வேலையை விடப்போறியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார் மாமனார்.

"நல்லா இருக்கே! நான் போனா ஊர்ல செக்கிங்குக்கு ஆள் வேணாமா மாமா? ஒரு வீட்டுலயே நாலு ஓசி டிக்கெட்டு!"