உப்பு மீனுக்குச் சாட்சி இல்லை

அந்தியோகியா சபையில் ஆண்டவரைக் கண்ணால் கண்டவர்கள் அனானெயேலும் அவர் மனைவியும்தான். கலிலேயாவில் இருந்த காலத்தில் ஆண்டவர் ஒருநாள் அவர்கள் வீட்டில் மீன் சாப்பிட்டுவிட்டு, உப்பு அளவாக இருக்கிறதென்று மனைவி அபித்தாளைப் பாராட்டினார். அபித்தாள் இதைச் சொல்லாத நாளில்லை. நம்பத்தான் ஆளில்லை. ரோமாபுரி ராயனும் வந்து கை நனைத்தானா என்று தெருப் பெண்கள் கேட்பார்கள்.

ஆண்டவரின் சரித்திரத்தைச் சபையில் படித்தவரான நிக்காந்தர் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டதும் அனானெயேல் ஓடினார். மனைவியின் பெயர் அதில் ஏறிவிட்டால் தெருவின் வாய் அடைபடும்.

நிக்காந்தர் எழுதும் முறையே வேறு. முதலில் தீர்க்கதரிசிகளின் சுருளை விரித்து ஒரு வசனத்தில் விரலை வைப்பார். அதற்கேற்ற சம்பவத்தைப் பிறகுதான் தேடுவார். கண்ணால் கண்டவர்கள் அவருக்குக் கொஞ்சம் இடைஞ்சல்.

"தீர்க்கதரிசி சொல்லியிருந்தா நடந்துச்சான்னு உங்களைக் கேக்கவே மாட்டேன், பெரியவரே. சொல்லலைன்னா, நடந்ததே ஆனாலும் எழுத மாட்டேன். உப்பு மீனை யாரு சொல்லியிருக்கா?"

அனானெயேல் ஜெப ஆலயத்தில் வேதம் கேட்டு வளர்ந்தவர். சும்மா விடுவாரா? பஞ்ச காலத்தில் ஒரு பெண் பழைய தீர்க்கதரிசிக்கு மாவும் எண்ணெயும் சேர்த்து அடை சுட்டுக் கொடுத்தாளே, அதுவும் சாப்பாடுதானே என்று எடுத்துக் கொடுத்தார். நிக்காந்தர் முகம் மலர்ந்துவிட்டது. அவரே வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வாரத்தின் முதல் நாள் சபையில் நிக்காந்தர் எழுதியது வாசிக்கப்பட்டது. மூட்டுவலியால் அபித்தாள் போகவில்லை. திரும்பி வந்த கணவரின் முகத்தைப் பார்த்ததும், மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு விசாரித்தாள்.

"உப்பைப் பத்தி வந்துச்சா?"

"மீனே வரலை. அடை சுட்டியாம்."

"என் பேரு?"

"அந்தக் காலத்துப் பொம்பளைக்குப் பேரு இல்லையாம். அதனால உனக்கும் இல்ல." அனானெயேல் தலையைக் குனிந்துகொண்டார். "அவ விதவை. அதனால நீயும் விதவை. கதையை எடுத்துக் கொடுத்ததே நான்தான்."

அபித்தாளுக்குக் கண் கலங்கியது. எவளும் நம்பாவிட்டாலும் அது அவளுடைய மீன், அவள் போட்ட உப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு தட்டை எடுத்து வைத்து, தான் உட்கார்ந்தாள்.

"எனக்கு?" என்றார் அனானெயேல்.

"வேதத்தை மீறச் சொல்றீங்களா? விதவை வீட்டுல ஒருத்திக்குத்தான் சோறு."