பாதுஷா பாவுக்கு நின்றது

ஜீவகாருண்ய சங்கம் என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்களே தவிர, சங்கம் என்பது ரேணுகாம்பாளும் தணிகாசலமும்தான். ரேணுகாம்பாள் புருஷனோடு பட்டு நெய்கிறவள். தறியை விட்டு எழுந்த நேரமெல்லாம் தெருக்கோடியில் சங்கத்துக் கொட்டகையில் கிடப்பாள். தணிகாசலம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரத்தில் யாருக்கும் வேண்டாமல் போன மாடு, கன்று, கால் ஒடிந்த நாய் எல்லாம் இவர்கள் தலையில்தான் வந்து விடியும். கொண்டுவந்து விடுகிற புண்ணியவான்கள் ஒரு காரியத்தை மட்டும் மறக்க மாட்டார்கள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கயிறு இருந்தால் யாருடையது என்று தெரிந்துவிடுமாம்.

பாதுஷா மட்டும் பட்டப்பகலில், முறையாக வந்தது. அது ஜட்கா குதிரை. டவுன் பஸ் வந்த பிறகு ஸ்டேஷனில் சவாரி இல்லாமல் போக, கரீம் பாய் வண்டியை விறகுக்குக் கொடுத்துவிட்டுக் குதிரையைத் தானே நடத்திக் கூட்டிவந்தார். கயிற்றை ரேணுகாம்பாள் கையில் கொடுத்தார்.

"ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதும்மா. பாவுக்கு நிக்கும்," என்றார். குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். மகள் வீட்டோடு ஆற்காட்டுக்குப் போய்விட்டார்.

பாவுக்கு நிற்பதென்பது சின்ன விஷயமில்லை. காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போட்டால், அதைச் சுருட்டும்வரை வண்டியும் சைக்கிளும் காத்திருக்க வேண்டும். மனுஷன் எங்கே காத்திருக்கிறான்? குனிந்து நுழைந்து, நாலு இழையை அறுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி போவான். பாதுஷா போகாது. குளத்தங்கரையில் மேய்ந்துவிட்டுத் தானாகத் திரும்பி வரும். பாவைக் கண்டால் தெருமுனையிலேயே நின்றுவிடும். சுருட்டி எடுத்த பிறகும் நகராது. யாராவது "வாடா பாதுஷா" என்று கூப்பிட்டால்தான் காலை எடுத்து வைக்கும். கரீம் பாய் பழக்கிய பழக்கம் அது. கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாளுக்கு அதைக் கூப்பிடுவதில் அவ்வளவு பெருமை. தன் பிள்ளை கூப்பிட்டால் வராது, குதிரை வருகிறது என்பாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வைக்கோல் யானை விலை, குதிரை விலை விற்றது. ஊரார் கொண்டுவந்து விட்ட மாடுகளோ இரட்டிப்பாயின. ரேணுகாம்பாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பார்த்தாள். பசி தாங்காமல் ஒரு கன்று சுவரிலிருந்த சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்றுவிட்டுச் செத்துப்போனது. அன்றைக்கு ஓவென்று அழுதாள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு செத்தன. அப்போது அழுகை வரவில்லை. மாலையில் போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

மெட்ராசில் ஒரு டிரஸ்ட் இந்த மாதிரிச் சங்கங்களுக்குப் பணம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டுத் தணிகாசலம் போய்விட்டு வந்தார்.

"தர்றாங்களாம்மா. கோடைக்கும் சேத்து வைக்கோல், மேல கூரை, எல்லாத்துக்கும். ஆனா மாட்டுக்கு மட்டும்தான். டிரஸ்ட்ட ஆரம்பிச்ச பெரியவரு அப்டி எழுதி வச்சிட்டுச் செத்துப்பூட்டாராம். பார்வை பாக்க வர்ற அன்னிக்கி வேற எதுனா கொட்டாயில இருந்துச்சின்னா பைசா கெடையாதாம்."

"குதிரையும் வைக்கோல்தானே துன்னுது, அண்ணே?"

"அதக் கேக்காத வருவனா? கேட்டேன். சிரிச்சாங்கோ."

நாய்களைத் தணிகாசலம் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி பாத்திரங்களை எல்லாம் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள். குதிரையை யார் வீட்டில் கட்டுவது? ரேணுகாம்பாள் வாலாஜாபாத் வரை ஆள் விட்டுக் கேட்டாள். மழையில்லாத வருஷத்தில் கிழட்டுக் குதிரையை யார் கேட்பார்கள்?

கடைசியில் அவளே பாதுஷாவைச் செவிலிமேட்டுப் பக்கம் நடத்திப் போனாள். பாலாற்று மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோரை இருந்தது. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். கூப்பிடாததால் அது பின்னால் வரவில்லை. இந்த மாதிரி விட்டுவிட்டுப் போனவர்களை அவள் வாயாரத் திட்டியிருக்கிறாள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். இப்போது யாரையும் திட்டத் தோன்றவில்லை. வழியில் உப்பு வாங்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது, வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டிரஸ்ட் மேனேஜர் கலியாணசுந்தரம் வந்தார். தெருவில் செல்லியம்மாள் வீட்டுப் பாவு போட்டிருந்ததால் கார் பின்பக்கத்துச் சந்து வழியாக வந்தது. நல்ல மனிதர். வேஷ்டி அழுக்காவதைப் பார்க்காமல் சாணியில் நடந்தார், கண் தெரியாத எருது ஒன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இவ்வளவு கஷ்டத்துலயும் காப்பாத்தியிருக்கீங்களேம்மா," என்றார். ரேணுகாம்பாள் தலையாட்டினாள். வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தவர், "அட!" என்றார்.

தெருமுனையில் பாதுஷா நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. இழுத்துக் கட்டிய பாவுக்கு அந்தப் பக்கம், காதை நிமிர்த்திக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது.

"எவ்வளவு அழகா நிக்குது பாருங்க! யார் குதிரைம்மா? உங்களுதா?"

"இல்லீங்க," என்றாள் ரேணுகாம்பாள்.

தணிகாசலம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவர்களின் கைகள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி ஓடின.

"யாரோ வுட்டுட்டுப் போயிருக்கறாங்கோ," என்று தானாகவே சேர்த்துச் சொன்னாள்.

கலியாணசுந்தரத்துக்கு மனசு கேட்கவில்லை. "பாவம், வாயில்லா ஜீவன். முனிசிபாலிடி மாட்டுப் பட்டிக்காவது சொல்லி அனுப்புங்க. அங்க தண்ணியாவது காட்டுவாங்க." காரோட்டியே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பட்டியில் அடைத்த உருப்படியை யாரும் கேட்டு வராவிட்டால் ஏலம் போட்டுவிடுவார்கள். ஓடாத குதிரையை ஏலம் கேட்பவன் தோலுக்கும் எலும்புக்கும்தான் கேட்பான். மெட்ராஸ்காரருக்கு அது தெரியாது. தெருவில் மற்ற எல்லாருக்கும் தெரியும்.

பட்டிக்காரன் கயிற்றோடு வந்து சேரவும், பாவைச் சுருட்டி எடுக்கவும் சரியாக இருந்தது. தெரு திறந்து கிடந்தது. பாதுஷா நகரவில்லை. கூப்பிடட்டும் என்று நின்றது. செல்லியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ரேணுகாம்பாளைப் பார்த்தாள். நீ கூப்பிடு, இல்லையென்றால் கூப்பிடச் சொல் என்பது போலப் பார்த்தாள்.

வாடா என்றால் போதும். குதிரை நேரே வந்து அவள் தோளில் மூக்கை வைக்கும், உள்ளே இருக்கும் மாடுகளுக்கு வைக்கோல் வராது. அந்தச் சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. தெருமுனையில் நிற்பது யாரோ ஒருவருடைய குதிரை என்பதைப் போலவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பட்டிக்காரன் கழுத்தில் கயிற்றைப் போட்டான். இழுத்த இழுப்புக்கு அது போனது.

கலியாணசுந்தரம் செக்கைக் கொடுத்தார். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். கார் போன பிறகு தணிகாசலம், "நான் வேணா பட்டிக்குப் போயி அபராதத்தக் கட்டிட்டு..." என்று இழுத்தார்.

"மீக்கறதுன்னா இது என்னுதுன்னு கையெழுத்துப் போடணும், அண்ணே. டிரஸ்டுக்குத் தெரிஞ்சா வைக்கோலு நின்னுபூடும். வுடுங்கோ."

மறுநாள் காலையில் வைக்கோல் வண்டி வந்து இறங்கியது. மாடுகள் தலை நிமிராமல் தின்றன. ரேணுகாம்பாள் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பாவைச் சுருட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், பழக்கத்தில், செல்லியம்மாளின் குரல் கணீரென்று எழுந்தது.

"வாடா பாதுஷா!"

அந்த ஒன்றைச் சொல்லிவிட்டுச் செல்லியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் ரேணுகாம்பாள் ஊறவைத்த கொள்ளுச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள். நேற்றிரவு அதை ஊறவைத்தது தானேதான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

தெரு காலியாக இருந்தது. சட்டியோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சட்டியிலிருந்த கொள்ளை மாடுகளுக்குப் போட்டாள். அவை அதையும் தின்றன.