சீனி கறுக்கும்வரை

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? தூக்கம் எப்படி, முழங்கால் எப்படி? எங்கள் தீவில், இந்தப் பாராமின் மலையில், டிசம்பர் காற்று இறங்கிவிட்டது. என் முழங்கால் அதை எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால், கொஞ்சம் தலைக்கனத்தோடு இருக்கிறேன். காரணத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸ் பாட்டை வீடுவீடாகப் போய்ப் பாடுவார்கள். முதல் பாட்டு எப்போதும் எங்கள் முற்றத்தில்தான். முற்றம் பெரியது என்பதற்காக இல்லை, கோழிக்கூண்டு பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. பாடி முடித்தால் என் வீட்டுக்காரர் அன்செல்ம் வைத்த பன்றிக்கறி கிடைக்கும், அதற்காக. அவருடைய கைமணம் அப்படி. நான் பொரிக்கிற நேந்திரம்பழமும் கிடைக்கும். ஆனால் அதைக் கேட்டு யாரும் மலை ஏறி வந்ததில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போனது. போன பேச்சில் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல்: "இல்ல." பசிக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டை இழுத்துக்கொள்வார். வெயிலில் உட்காரலாமா என்றால் "இல்ல" என்று சொல்லி எழுந்து நடப்பார். குளிக்கலாமா என்றாலும் "இல்ல". அது மட்டும் நிஜமான இல்ல.

போன மாதக் கடைசியில் அவர் தம்பி சிப்ரியன் வந்தார். நாலு நரம்புக் கித்தார் வாசிப்பவர், பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"அண்ணி, இந்த வருஷம் முதல் பாட்ட என் வீட்டுல வச்சுக்கலாம். என் மருமக கோழி வறுத்துடுவா."

"கோழியா!" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அண்ணன் என்ன செய்வாரு, பாவம்? அந்தக் கை போச்சு, கைமணமும் போச்சு. நாமதான் புரிஞ்சு நடந்துக்கணும்."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். பக்கவாதம் காதைத் தொடவில்லை என்பதை மறந்துவிட்டார்.

"இல்ல!" என்று உள்ளே இருந்து வந்தது. கைத்தடி தரையில் ஒரு தட்டுத் தட்டியது.

"என்னண்ணே, எது இல்ல?"

"இல்ல!"

"அவரே சமைக்கிறாராம்," என்றேன். அப்படித்தான் சொல்கிறார் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? வாய் முந்திக்கொண்டது.

சிப்ரியன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "சரி அண்ணி. ஞாயித்துக்கிழமை வர்றோம். கறி பழையபடி இருந்தா முற்றம் உங்களுது. இல்லன்னா அடுத்த வருஷத்துலேருந்து என் வீடு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

முற்றம் போனால் எனக்குப் பெருக்குகிற வேலை மிச்சம். ஆனால் அவருக்கு? கறிக்கு வாசம் தருகிற தைம் செடி வளர்த்த கொல்லையில் இறங்க முடியாது, சந்தைக்குப் போக முடியாது, பாட முடியாது. ஊர் அவரைத் தேடி வருகிற அந்த ஒரு நாளையும் கோழிக்கு விட்டுக்கொடுப்பதா?

சனிக்கிழமை கறியை நான் வெட்டினேன். துண்டு பெரிதாக இருந்தால் "இல்ல", சிறிதாக இருந்தால் "இல்ல". ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுதான் அளவு என்று புரிந்துகொண்டேன். எலுமிச்சைச் சாறு விட்டு அலசியதும் நான் தைம் இலையை உருவ உட்கார்ந்தேன். அவர் கொத்தைப் பிடுங்கிக்கொண்டார். காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் கீழ்நோக்கி ஒரு இழு. இலை முழுக்கக் கிண்ணத்தில், காம்பு வாயில். ஆடு மேய்கிற மாதிரி இருந்தது. சிரித்தேன், அவரும் சிரித்தார். பூண்டு, வெங்காயத்தாள், காட்டுக் கொத்தமல்லி எல்லாம் அரைத்துக் கறியில் பிசைந்ததும் அந்த இடது கைதான்.

ஞாயிற்றுக்கிழமை இரும்புப் பானையை அடுப்பில் ஏற்றினோம். இந்தக் கறியைச் சமைத்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் சீனியில் இருக்கிறது. எண்ணெயில் பழுப்புச் சீனியைப் போட்டு உருக்கி, அது நுரைத்துக் கறுக்கிற நேரம் பார்த்துக் கறியைத் தள்ள வேண்டும். முந்தினால் குழம்பு வெளுத்துப்போய்த் தித்திக்கும். ஒரு மூச்சு பிந்தினால் கசப்பு, பானையோடு கொட்ட வேண்டியதுதான். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் அவர் என்னை அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை. இப்போது கறி ஊறிய சட்டி ஒரு கைக்குத் தாங்காது. சட்டியோடு நான் ஒரு பக்கம், கரண்டியோடு அவர் ஒரு பக்கம்.

சிப்ரியன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்றார். பின்னால் முழுக் குழுவும்.

சீனி உருகியது. பொன்னிறம் வந்தது. "போடவா?" என்றேன்.

"இல்ல."

நுரை கிளம்பியது. சட்டியைச் சாய்த்துப் பிடித்தேன். "போடவாங்க?"

"இல்ல."

புகை வந்தது. "அண்ணே, கருகுது! அண்ணி, போடுங்க அண்ணி!" என்று சிப்ரியன் கத்தினார்.

"இல்ல." சத்தம் போடவில்லை. பானையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீனிக்கு முன்னால் நிற்கிற மனிதனுக்கு வேறு எந்தச் சொல் வேண்டும்? பேச்சில் எல்லாம் போய் இது ஒன்று தங்கியிருக்கிறது, அதுவும் வேலைக்கு ஆகிற சொல்லாகத் தங்கியிருக்கிறது.

நான் மறுபடியும், "போடவா?" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கவிழ்த்தேன். பானை சீறியது. இடது கை தோளிலிருந்தே கரண்டியைச் சுழற்றிப் புரட்டியது. ஒவ்வொரு துண்டும் கறுத்த பழுப்பில் மினுமினுத்து மேலே வந்தது. மூடி போட்டோம். கறி தன் தண்ணீரை விட்டு வேகட்டும் என்று காத்திருந்து, பிறகு வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காரமிளகாய் ஒன்றை உடையாமல் மிதக்கவிட்டோம். நான் தோல் கறுத்த நேந்திரம்பழத்தைச் சாய்த்துச் சீவிப் பொரித்தேன். முதல் ஈடு தீய்ந்துவிட்டது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் தீயாதா? கோழிக்குப் போட்டேன்.

முற்றத்தில் பாடினார்கள். தட்டுகள் போயின. சிப்ரியன் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு துண்டு கறியை மட்டும் வாயில் போட்டார். மென்றார். பழத்தைக் குழம்பில் துடைத்து அதையும் போட்டுக்கொண்டார். தட்டில் எலும்பு மட்டும் மிஞ்சியபோதுதான் பேசினார்.

"எந்தக் கையில சமைச்சீங்கண்ணே?"

அன்செல்ம் இடது கையைத் தூக்கிக் காட்டினார். மசாலாப் பச்சை இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

"அப்ப மணம் அந்தப் பக்கம் மாறிக்கிச்சா?"

"கேக்கறத நேரா கேளு தம்பி," என்றேன்.

சிப்ரியன் தலையைச் சொறிந்தார். "இல்ல அண்ணி, அடுத்த வருஷம் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அண்ணன் என் வீட்டுல வந்து சமைச்சா..."

"இல்ல," என்றார் அன்செல்ம்.

முற்றமே சிரித்தது. சிப்ரியன்தான் அதிகம் சிரித்தார், காலித் தட்டை நீட்டிக்கொண்டே. சிரிப்பு அடங்குவதற்குள் இவர் பாட்டுக்காரர்களின் கிலுகிலுப்பையை இடது கையில் எடுத்துக் குலுக்கத் தொடங்கிவிட்டார். தாளம் கொஞ்சம் தப்பியது. நான் எழுந்து ஆடினேன், முழங்காலோடு.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அடுப்புக்கு முன்னால் யார் நிற்கிறார்கள், எந்தக் கையில் மணம் இருக்கிறது? உட்கார்ந்து விவரமாக எழுதுங்கள். அன்செல்முக்குப் படித்துக் காட்டுவேன். பதில் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.