வால் வண்டி

சைக்கிள்காரர்களை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வாடகைக் கார் ஓட்டியே கிழடானவன் நான். சிக்னலில் நாமெல்லாம் நிற்போம். இவர்கள் மட்டும் கார்களுக்கு நடுவில் எலி மாதிரி நுழைந்து முன்னால் போய் நிற்பார்கள். பச்சை விழுந்ததும் நம் மூக்குக்கு முன்னால் ஆடி ஆடிக் கிளம்புவார்கள். ஹாரன் அடித்தால் முறைப்பு. ஒருமுறை ஒருவன் என் பானெட்டில் ஓங்கித் தட்டிவிட்டுப் போனான். அவன் கை நன்றாக வலித்திருக்கும் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி உண்டு.

கார்க்காரர்களையும் எனக்குப் பிடிக்காது. தொடையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன், கண்ணாடியில் ரோட்டைப் பார்க்காமல் தன் மீசையைப் பார்க்கிறவன், தூங்கிக்கொண்டே பாலம் ஏறுகிறவன் என்று எல்லோரையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எங்கள் ஸ்டாண்டில் எனக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். டயரில் காற்று இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னாலும் ஒரு உதை கொடுத்துப் பார்த்த பிறகுதான் வண்டி எடுப்பேன். யாரையும் நம்பாததால்தான் இத்தனை வருஷம் வண்டியில் பெரிய கீறல் இல்லை.

இப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் என் மனைவி ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து சூடாக உருவி, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும் வேலை. எங்கள் தெரு வழியாகப் போன பஸ்ஸை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அடுத்த பஸ் வருவதற்குள் விரிப்புகளெல்லாம் வார்டுக்கே போய்விடும்.

"நான்தான் இருக்கேன்ல, கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"வேணாங்க. வழி பூரா ஊரையே திட்டிட்டு வருவீங்க. வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்குத் தலை வலிக்கும்."

"இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த சர்க்கஸ்?"

"எந்த வயசுல பண்ணணும்? சொல்லுங்க, அந்த வயசுக்குப் போய்ப் பண்ணிட்டு வந்துடுறேன்."

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில், கூட வேலை பார்க்கிற பெண்கள் பிடித்துத் தள்ளித்தான் ஓட்டப் பழகியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நத்தை தாண்டிப் போகிற வேகம் என்பதால் அவளுக்கு அங்கே 'ராக்கெட்' என்று பெயராம். அதைச் சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

சைக்கிள் வந்த பிறகு ஆளே மாறிப்போனாள். களைத்து வருகிறவள் இப்போது முகம் சிவந்து, காற்றடித்த தலையோடு வந்தாள். பழைய துண்டைக் கிழித்துக் கம்பியெல்லாம் துடைத்தாள். நான் அதைப் பார்த்து முணுமுணுத்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"யாரு வண்டியிலயாவது ஏறி உக்காந்தே காலம் போச்சு. இது ஒண்ணுதான் நானா ஓட்டுறது. எங்க திரும்பணும்னு நானே முடிவு பண்றேன். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க எப்பவும் ஓட்டுறவரு."

டீயைக் குடித்தேன்.

ஆனால் அவள் போகிற வழியில் ரயில் பாதை மேல் ஒரு பாலம். ஏறும்போது ரோடு குறுகிவிடும். ஒதுங்க ஓரம் கிடையாது. அந்த நேரத்தில் அதில் யார் வருவான் என்று எனக்குத் தெரியும். தூங்கி வழிகிற லாரி, பேப்பர் கட்டு ஏற்றிய வேன், விமானத்தைப் பிடிக்கப் பறக்கிற என் ஸ்டாண்டு ஆட்கள்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வண்டிக்காவது பிரேக் கோளாறு என்றால், ஒர்க்ஷாப் வரைக்கும் இன்னொருவன் அவன் பின்னாலேயே, நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டுக்கொண்டு ஒட்டிப் போவான். இதை 'வால் போடுவது' என்போம். பின்னால் வருகிறவன் இடித்தால் வாலைத்தான் இடிக்க வேண்டும், முன்னால் போகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. நானே பல பேருக்கு வால் போட்டிருக்கிறேன்.

என் பெண்டாட்டிக்கும் வால் போடுவதென்று முடிவு செய்தேன்.

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். பெரிய ரோட்டில் அவளைப் பிடித்துவிடுவேன். அவள் மிதிக்கிற வேகத்தில் காரை உருட்டுவது சுலபமில்லை. இன்ஜின் இருமும். பின்னால் ஹாரன் காதைப் பிளக்கும். அடிங்கடா என்று நான் பாட்டுக்கு உருட்டிக்கொண்டு போவேன். அவள் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்ததும் திரும்பிவிடுவேன். அந்த நேரத்துச் சவாரி போனது. போகட்டும்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "ஏங்க, தினமும் ஒரு கார் என் பின்னாடியே வருது."

நான் சோற்றைப் பிசைந்தேன். "நிஜமாவா?"

"தாண்டிப் போகவும் மாட்டேங்குது, ஒதுங்கவும் மாட்டேங்குது. நான் மெதுவாப் போனா அதுவும் மெதுவா வருது. எவனோ பொறுக்கிப் பய."

"நம்பரு, கலரு ஏதாச்சும் பாத்தியா?"

"எங்க பாக்குறது? நான் திரும்பினா சைக்கிளும் கூடவே திரும்புது. லைட்டு வேற கண்ணக் கூசுது." எழுந்து போய்ப் பரண் கதவில் தொங்கிய பெரிய பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "கூடையில வச்சுக்கப்போறேன். கிட்ட வந்தான்னா மண்டையப் பாத்து விட்டுடுவேன்."

"பூட்டெல்லாம் வேணாம். எதுக்கு வம்பு?" என்றேன், என் மண்டையைத் தடவிக்கொண்டு.

அவள் சிரிக்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். "பயமா இருக்குங்க. பாலம் ஏறும்போது காலே வர மாட்டேங்குது. பேசாம இதை விட்டுடலாமான்னு பாக்குறேன்."

"எதை?"

"சைக்கிளத்தான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பொறுக்கி நான்தான் என்று சொல்லியிருந்தால், திட்டியிருப்பாள், பயம் போயிருக்கும். ஆனால் எனக்கு உள்ளுக்குள் என்ன தோன்றியது தெரியுமா? நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. பயந்துகொண்டு நிறுத்திவிட்டால் சனியன் ஒழிந்தது, நானும் நிம்மதியாகச் சவாரிக்குப் போகலாம்.

"உன் இஷ்டம்" என்றேன்.

மறுநாளும் அவள் சைக்கிளைத்தான் எடுத்தாள். பயத்தோடுதான் எடுத்தாள். நான் இன்னும் கொஞ்சம் தள்ளி, விளக்கை இறக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனேன். பாலம் வந்தது. அவள் எழுந்து நின்று மிதித்தாள். நான் உருட்டினேன். என் பின்னால் ஒரு ரொட்டி வேன். ஹாரன் மேல் படுத்தேவிட்டான். நான் வழி விடவில்லை. வழி விட்டால் அவன் அவளிடம் போவான் அல்லவா?

அவனுக்கு ஆத்திரம். எதிர்ப்பக்கம் ஏறி, என்னைத் தாண்டி, எதிரே லாரி வெளிச்சம் தெரிந்ததும் படக்கென்று எனக்கு முன்னால் வெட்டித் திரும்பினான்.

எனக்கு முன்னால் இருந்தது அவள்.

வேனின் பின்மூலை சைக்கிள் கைப்பிடியில் பட்டது. பாலத்துச் சுவரில் சாய்ந்து விழுந்தாள். பூட்டு உருண்டு போய் எங்கேயோ 'ணங்' என்றது. நான் எப்படி இறங்கினேன், கதவைச் சாத்தினேனா என்று நினைவில்லை.

வேன்காரனும் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். சின்னப்பயல் இல்லை, நாற்பது இருக்கும். அவன் சட்டையைப் பிடித்தேன்.

"கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு உனக்கு?"

"யோவ், நீ பேசாத! காலியான ரோட்டுல நீ எதுக்குய்யா ஊர்வலம் போற? குடிச்சிட்டு உருட்டுறியோன்னு நெனச்சேன். உனக்கு முன்னாடி ஒரு அம்மா சைக்கிள்ல போறது எனக்கு எப்படிய்யா தெரியும்? உன் காரு மறைக்குது! நீ இல்லன்னா அவங்களத் தூரத்துலயே பாத்திருப்பேன், ஒதுங்கிப் போயிருப்பேன்!"

என் கை தானாகச் சட்டையை விட்டது. அவன் சொன்னது சரி. பிரேக் போன காருக்கு வால் போட்டால், இரண்டு கார் போவது பின்னால் வருகிறவனுக்குத் தெரியும். சைக்கிளுக்குப் போட்டால் அவனுக்கு வால் மட்டும்தான் தெரியும். ரோட்டிலேயே பிறந்தவன் மாதிரி பேசுகிற எனக்கு இது உறைக்கவில்லை.

கீழே உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். பிறகு திரும்ப என்னைப் பார்த்தாள்.

"நீங்களா?" என்றாள்.

வேன்காரனே அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் காரில் ஏற்றினான். அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. சவாரிக்கு வந்தவள் மாதிரி பின்சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில்தான் கேட்டாள்.

"பயமா இருக்குன்னு சொன்னேன்ல?"

"ம்."

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே கதவைத் திறந்து, நொண்டிக்கொண்டு உள்ளே போனாள். மணிக்கட்டில் சுளுக்கு, முழங்காலில் தோல் உரிந்திருந்தது. அதோடு போயிற்று.

வீட்டில் பேச்சு நின்றது. 'உப்பு', 'சாவி', 'தண்ணி வருது', அவ்வளவுதான். பாலத்துக்குப் போய், சைக்கிளை எடுத்து, வளைந்த சக்கரத்தை மாற்றி, வாசலில் கொண்டுவந்து சாத்தினேன். அவள் பார்த்தாள்.

ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. மொட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவர்தான் ஆரம்பித்தான். தலையில் முடி இல்லாத குறையை வாயால் தீர்த்துக்கொள்கிறவன்.

"ஏன்ணே, பிரேக் இல்லாதவனுக்குத்தானே வால் போடுவோம்? அண்ணிக்கு பிரேக் நல்லாத்தானே இருக்கு? உனக்குத்தான் இல்ல போல."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு, என் வாழ்நாளில் இந்த ஆட்களிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"டேய், விடியக்காலைல பாலத்துல பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு அவ போவா. பாத்தா கொஞ்சம் ஒதுங்கிப் போங்கடா."

மொட்டை சிரிப்பை நிறுத்தினான். "இருட்டுல ஸ்வெட்டர் கலரு எங்கண்ணே தெரியும்? ஒதுங்கணும்னா எல்லா சைக்கிளுக்கும்தான் ஒதுங்கணும்."

"அப்ப எல்லாத்துக்கும் ஒதுங்கு" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

கைக்கட்டு அவிழ்த்த மறுநாள் விடியலில் அவள் சைக்கிளைத் தெருவில் இறக்கினாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். தூங்குகிற மாதிரி நடிக்க இப்போது வழியில்லை.

"போறியா?"

"போறேன்."

"நான்..."

"பின்னாடி வரக்கூடாது." ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு இருப்பு கொள்ளலன்னா, முன்னாடியே போயி ஆஸ்பத்திரி கேட்டாண்ட நில்லுங்க. நான் வந்துருவேன்னு நெனச்சுக்கிட்டு நில்லுங்க. அது உங்களால ஆகுதான்னு பாப்போம்."

போனேன். வழியில் அவளைத் தாண்டினேன். அகலமாக ஒதுங்கித் தாண்டினேன். கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். பாலத்தில் ஏறும்போது என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. எடுத்துவிட்டேன்.

கேட் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன். மூலையில் வெளிச்சம் திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு லாரி. ஒரு வேன். யாரோ ஒரு பையன் சைக்கிளில். அவன் பின்னால் வந்த காரைப் பார்த்து, 'தள்ளிப் போடா' என்று வாய்விட்டே கத்திவிட்டேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாலம் இருக்கிற திசையில் ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது. சாவியை எடுத்துவிட்டேன். கதவில் கை வைத்துவிட்டேன். பிறகு அப்படியே நின்றேன். எத்தனை நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு அதில் ஒரு வயசு கூடிவிட்டது.

மூலையில் ஒரு சின்ன விளக்கு ஆடி ஆடித் திரும்பியது. அவள்தான். மூச்சு வாங்க, முகமெல்லாம் சிவந்து, யாரும் பின்னால் இல்லாமல் வந்தாள். நேராக என்னிடம் வந்து காலை ஊன்றி நின்றாள். நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதடு கொஞ்சம் கோணியது.

"சரி, நின்னது போதும். வண்டிய எடுங்க, இது ஆம்புலன்ஸ் வர்ற வழி."