படிக்க ஒரு பக்கம், நடக்க ஒரு பக்கம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அண்ணி வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், கதவருகே நின்றபடியே சொன்னது. நான் அதற்கு ஒரு நாற்காலி போட்டேன், அவ்வளவுதான்.

கதையில் ஒரு நாத்தனார் வருவாள். அறிவியல் பட்டதாரி. வீட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது நான்தான். ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன்; வரிக்கு வரி காது சூடானது. ஆகவே இனி நாத்தனார்.

(நேரில் அண்ணியை ‘நீங்க’ என்பேன். இங்கே ‘அவள்’ என்கிறேன். எழுதும்போது மட்டும் கிடைக்கிற தைரியம்.)

2

தொடக்கம்:

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு பெண் தன் விதியை——

மழை பெய்யவில்லை. ‘விதி’யைப் பார்த்தால் அண்ணி சிரிப்பாள். மறுபடி:

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறை வேலை. லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். முன்பக்கக் கவுண்டரில் இருந்த பெண் வேலையை விட்டுப் போனதும் முதலாளி சொன்னார்: “சனிக்கிழமை ஒருநாள் நீ நின்னு பாரு. சரியா வந்தா அந்த இடம் உனக்கு. வரலைன்னா வெளியாளப் பாத்துக்கிறேன்.” கவுண்டருக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அண்ணிக்கு ஆங்கிலம் காதில் ஏறும், வாயில் இறங்காது.

இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

நாத்தனார் வினைச்சொற்களில் ஆரம்பித்தாள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். அண்ணி சாப்பாட்டு மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள்.

“டீச்சரம்மா, மூணு காலமும் எனக்குக் கெட்ட காலமாவே இருக்கு.”

“படிச்சா வந்துரும் அண்ணி.”

“வரும் வரும். சனிக்கிழமைக்குள்ள வருமான்னு கேளு.”

ஈரத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினான். “நாத்தனார்கிட்ட கை கட்டிப் பாடம் கேக்குற முதல் அண்ணி நீதான். வெளிய சொன்னா நம்ப மாட்டாங்க.”

“நீங்க தட்டப் பாருங்க.”

நாத்தனார் யோசித்தாள். கல்லூரியில் அவளே எதையும் பத்தி பத்தியாகப் படித்து நினைவில் வைத்ததில்லை. உணவுச் சங்கிலி, நீரின் சுழற்சி எல்லாமே வட்டமும் அம்புமாகத்தான் மண்டைக்குள் போயின. அவள் ஒரு தாளில், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்கள் போட்டாள். ஒரு பொருளின் குணம் இடப்பக்கம், இன்னொன்றின் குணம் வலப்பக்கம், இரண்டுக்கும் பொதுவானது நடுவில்.

அண்ணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தக் கண்ணாடிய யாரு மிதிச்சது?”

“கண்ணாடி இல்ல அண்ணி, வட்டம்.”

“ஒரு லென்ஸ் மேல இன்னொண்ணு ஏறி நிக்குது. மூக்க எங்க வைக்கிறது?”

சிரித்து ஓய்ந்த பிறகு, அந்த வட்டங்களிலேயே கண்ணாடி லென்ஸையும் பிளாஸ்டிக் லென்ஸையும் ஏற்றினார்கள். இது கனம், அது லேசு. இது உடையும், அதில் கீறல் விழும். நடுவில்: இரண்டையும் துடைத்து வைக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். தனித்தனியாக வந்தபோது வழுக்கிய சொற்கள், தங்களுக்கென்று ஓர் இடம் கிடைத்ததும் உட்கார்ந்துகொண்டன.

பிறகு ஒரு கிளைப்படம். மருத்துவர் சீட்டு இருக்கிறதா? உண்டென்றால் இந்த அம்பு, இல்லையென்றால் அந்த அம்பு. ஒவ்வோர் அம்பின் மேலும் அண்ணி சொல்ல வேண்டிய வாக்கியம். ‘புகார்’ என்ற கட்டத்திலிருந்து மட்டும் வாக்கியம் எதுவும் இல்லாமல் ஓர் அம்பு நேரே முதலாளியின் அறைக்குப் போனது.

* படம் போட்டு மொழி கற்பிக்கும் முறையை நாத்தனார் கண்டுபிடிக்கவில்லை. எத்தனையோ வகுப்புகளில் செய்வதுதான். சொல் குறைவாக இருப்பவருக்கு யோசனையும் குறைவு என்று அர்த்தமில்லை. படம் யோசனையைப் பிடித்து வைத்திருக்கும். சொல் பின்னால் வந்து சேரும். இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

4

எனக்கு ஒரு சந்தேகம். நாத்தனார் மிகவும் கெட்டிக்காரியாகிக்கொண்டே போகிறாள். சனிக்கிழமையை எழுதும்போது அவளை எப்படியோ கடைக்கும் கொண்டுபோய்விட்டேன்:

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற நாத்தனாரின் கண்கள் பெருமிதத்தில்——

பொய். அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அம்பு போன வழியே போனார்கள். மதியத்துக்கு மேல் ஒரு வயதான பெண்மணி வந்து, பெட்டியைத் திறக்காமலே கவுண்டரில் வைத்தார். அதே கடையில் வாங்கிய புதுக் கண்ணாடி. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க. அதைப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினால் படி மிதக்கிறதாம். நேற்று விழப் பார்த்தாராம். வேண்டாம், எடுத்துக்கொள், பணத்தைக் கொடு, பழசே போதும். எல்லாம் ஆங்கிலத்தில், மூச்சுவிடாமல்.

அண்ணிக்கு எல்லாம் புரிந்தது. இது புகார். முதலாளியின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவரும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் தப்பில்லை. கூப்பிட்டால் திங்கட்கிழமை வெளியாள் வருவாள் என்பதும் அண்ணிக்குத் தெரியும்.

அந்த லென்ஸைப் பொருத்தியது அவள். அதில் குறை இல்லை. எப்படிப் பார்ப்பது என்றுதான் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வாயைத் திறந்தாள். வாக்கியம் வரவில்லை. ஒரு துண்டுத் தாளை இழுத்து நடுவில் கோடு போட்டாள். ஒரு பக்கம் புத்தகம் வரைந்தாள். மறுபக்கம் படிக்கட்டு.

புத்தகத்தைத் தொட்டு, “ரீடிங். ஐஸ் டவுன்,” என்றாள். தலையை நிமிர்த்தி வைத்துக் கண்ணை மட்டும் இறக்கிக் காட்டினாள்.

படிக்கட்டைத் தொட்டு, “வாக்கிங். ஹெட் டவுன்.” படி மேல்பாதி வழியே தெரியும்படி மோவாயை நெஞ்சோடு சேர்த்தாள்.

பெண்மணி படத்தைப் பார்த்தார். பெட்டியைத் திறந்தார். கடை வாசலில் இரண்டு படி உண்டு. தலையைக் குனிந்து இறங்கினார், ஏறினார், திரும்ப இறங்கினார். அண்ணி முழங்கையைப் பிடித்தபடி கூடவே ஏறி இறங்கினாள். அதன் பிறகு பணப் பேச்சு எழவில்லை. துண்டுத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

(நடுக்கோட்டுப் படத்தை நாத்தனார் சொல்லிக் கொடுத்திருக்கவே இல்லை. மொழி வராதவருக்கென்று போடும் படத்தை, மொழி நன்றாக வந்தவருக்குப் போட்டுப் புரிய வைத்தவள் அண்ணி. இந்த இடத்தை எழுதும்போது எழுந்துபோய் அறைக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.)

5

முடிவு, முதல் வடிவம்: முதலாளி கைதட்டி அண்ணியைக் கவுண்டரில் அமர்த்துகிறார். (அவர் கைதட்டுகிற ஆள் இல்லை.)

இரண்டாவது: ஆனாலும் திங்கட்கிழமை வெளியாள் வந்துவிடுகிறாள், அண்ணி பின்னறையில்—— (கை வரவில்லை.)

நடந்ததை எழுதிவிடுகிறேன். கடை சாத்தும்போது முதலாளி சொன்னார்: “கவுண்டர நீயே பாத்துக்கோ. பின்னாடி வேலையையும் விட்டுராத. சம்பளம் இப்ப இருக்கிறதே இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

காலையில் இது கிடைத்திருந்தால் அண்ணி தலையாட்டியிருப்பாள். இப்போது கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரிடம் அதுவரை பேசியிராத மொழியில் சொன்னாள்: “ஐ வில் திங்க். மண்டே ஐ டெல்.”

வீட்டில் அண்ணன் இதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “முதலாளிகிட்டயேவா?”

“பின்ன, உங்ககிட்டயா?”

“என்ன சொல்லப் போறீங்க அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“யோசிக்கிறேன்னுதானே சொல்லிட்டு வந்திருக்கேன். யோசிக்க விடு.”

அவளுடைய வாக்கியத்தில் இலக்கணப் பிழை உண்டு. நான் திருத்தப் போவதில்லை.

திங்கட்கிழமை இன்னும் விடியவில்லை. அவள் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு ஓர் எண்ணம் வந்திருக்கும். அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அண்ணி எங்கள் யாரையும் கேட்கவில்லை. முதலாளியே காத்திருக்கிறார், நாம் எந்த மூலைக்கு?