அந்தோனியாருக்கு ஒரு கால்

ஆஸ்பத்திரிக் கால் ரோசா நிறத்தில் இருந்தது. மரிய கொறற்றியின் உடம்பில் எங்குமே இல்லாத நிறம். மரத்தைக் கடைந்து வண்ணம் பூசி, கம்பளி அடைத்த பாதத்தில் கறுப்புச் சப்பாத்தும் மாட்டி, தோல் வார்களோடு கண்டியில் கொடுத்தார்கள். பொலங்கா பாம்பு கடித்து, முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்து, இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த கால்.

"பாதி வெள்ளக்காரியாயிட்ட புள்ள," என்றாள் அடுத்த வீட்டுக் கமலாட்சி. "அது இங்கிலீசு பேசுமா?"

"பேசாது. வழுக்கும்."

வழுக்கத்தான் செய்தது. இரவு மழை பெய்து விடிந்தால் ரப்பர் மலைச் சரிவு சோப்புப் போட்டது போலிருக்கும். பாதத்துக் கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்தது. வார் ஊறி இளகியது. ஒரு நாள் ரப்பர் பால் வாளியோடு விழுந்தாள். சிவந்த மண்ணில் வெள்ளையாய் ஒரு சிற்றாறு ஓடி, வேர்களுக்கிடையே மறைந்தது. அது போகும் வழியையே பார்த்துக்கொண்டு கிடந்தவளின் தலைக்கு மேல் இருளாண்டி கங்காணியின் குரல் கேட்டது.

"நாளையிலேருந்து பால் வெட்ட வேணாம். ஸ்டோருல ரப்பர் ஷீட்டு மடி. அரைப் பேருதான்."

அரை நாள் வேலைக்காரி என்று எழுதிவிட்டால் அப்படியே நின்றுவிடும். அவளுடைய மரங்கள் வேறொருத்திக்குப் போய்விடும்.

அவளிடம் இன்னொரு கால் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், அண்ணன் ஒஸ்வல்ட் பலாக் கிளையைக் குடைந்து செய்து கொடுத்தது. குடைவின் விளிம்பு சதையைக் கிழித்தது. அதனால் அவளே மாவுச் சாக்குத் துணியைக் காலின் மிச்சத்தில் சுற்றி, சிரட்டையிலிருந்த ரப்பர் பாலை அதன்மேல் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, உறைபோலக் கழற்றினாள். புகைக்கூட்டில் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டாள். கறுத்து வந்த உறை மரக் குடைவுக்குள் பொருந்தி உட்கார்ந்தது. அந்தக் காலுக்குப் பாதம் கிடையாது. அடியில் தடித்த ரப்பர் வட்டம் மட்டும். தேய்ந்தால் வேறொன்று ஒட்டுவாள். பாறையிலும் சேற்றிலும் அது பிடித்து நிற்கும். புகை நாற்றம் அடிக்கும்.

அந்த நாற்றம்தான் அம்மா சவரியம்மாவுக்கு ஆகாது. ரோசாக் கால் வந்த நாளிலிருந்து அதை மாட்ட விடவில்லை. மகளுக்கு அரசாங்கக் கால் கிடைத்தால் இந்தக் கறுப்புக் காலைக் கொண்டுபோய் வஹகோட்டை அந்தோனியாரின் காலடியில் வைப்பதாக நேர்ந்திருந்தாள். ஜூன் மாதத் திருநாளுக்குக் கறுப்புக் காலை உமல் பையில் போட்டுக்கொண்டு, ரோசாக் காலோடு மகளையும் இழுத்துக்கொண்டு, மாத்தளையில் பஸ் ஏறினாள்.

அலுவிகாரை தாண்டியதும் மரிய கொறற்றி சொன்னாள்: "அம்மா, இத வச்சிட்டா நான் எதால மலை ஏறுறது?"

"ஏறாத. ஸ்டோருல உக்காந்து மடி. சேல கட்டினா சப்பாத்து மட்டுந்தான் தெரியும். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வரணுமில்ல?"

"வர்றவன் காலயா கட்டப் போறான்?"

"வாய மட்டும் பாம்பு கடிக்கல."

கோயிலில் கூட்டம் நெரிந்தது. சொரூபத்தின் அடியில் நேர்த்திப் பொருள்கள் குவிந்திருந்தன. வெள்ளியில் கண், மெழுகில் கை, விரலளவு தொட்டில். மரிய கொறற்றி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்ட வலி. பிறகு தரையில் உட்கார்ந்து பாவாடையை ஒதுக்கி, ரோசாக் காலின் வார்களை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்னடி செய்ற?"

"பையத் தா."

"அடியே, நேத்திக்கடன்."

"நேந்தது நீ. நடக்கிறது நான்." அம்மாவின் கையிலிருந்த பையை இழுத்துக் கறுப்புக் காலை எடுத்து மாட்டினாள். எழுந்து, சப்பாத்தோடு அந்த ரோசாக் காலைச் சொரூபத்தின் அடியில் நிமிர்த்தி வைத்தாள்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் செபஸ்தியன் ஓடி வந்தார். "தங்கச்சி, வெள்ளில வைப்பாங்க, மெழுகுல வைப்பாங்க. இப்படிச் சப்பாத்து போட்ட கால யாரும் வச்சதில்ல. இத நான் எங்க கொண்டு போறது?"

"அது உக்காந்து வேல செய்றவங்களுக்குள்ள கால், அண்ணே. யாருக்காவது சரியா இருந்தா குடுத்திருங்க. அந்தோனியார் ஒன்னும் சொல்லமாட்டார்."

"அவர் சொல்லமாட்டார். சாமியார் சொல்வார்."

சவரியம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கோயில் வாசலுக்கு வந்ததும் சொன்னாள். "எல்லாரும் பாத்தாங்க. ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா வந்து எனக்குப் பால் வெட்டித் தரப் போகுது?"

வெளியே மணலில் ஒரு பக்கம் பாதத்தின் தடமும் மறு பக்கம் வட்டக் குழியுமாக அவள் நடந்தாள். சவரியம்மா வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் இருளாண்டி கங்காணி முதலில் அவள் காலைத்தான் பார்த்தார். "புதுக் கால் எங்க?"

"வஹகோட்டையில."

"ஸ்டோருக்குப் போ."

மரிய கொறற்றி வாளியையும் வெட்டுக் கத்தியையும் எடுத்துக்கொண்டு, ஆள்களின் முன்னாலேயே சரிவில் ஏறத் தொடங்கினாள். இரவு பெய்த மழை இன்னும் காயவில்லை. மேட்டின் பாதியில் திரும்பி நின்றாள்.

"விழுந்தா அரைப் பேரு போடுங்க, கங்காணி ஐயா. விழலன்னா முழுசாப் போடணும்."

கமலாட்சி சிரித்துவிட்டாள். இருளாண்டி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்; எதுவும் எழுதாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்புக் கால் ஒவ்வோர் அடியிலும் மண்ணைப் பிடித்துப் பிடித்து ஏறியது. முதல் மரத்தில் அவள் கத்தியை வைத்தபோதும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.